ஒற்றை முள் கோபுரக் கடிகாரம்: கோனிங்ஸ்பி தேவாலயம் பற்றி ஒரு கேள்வி

5 அக்டோபர் 2024, கேள்வி

இங்கிலாந்து போயிருந்த நண்பர் ஒரு படம் அனுப்பினார். லிங்கன்ஷயரில் கோனிங்ஸ்பி என்று ஒரு ஊர், அங்கே செயின்ட் மைக்கேல் தேவாலயம். கோபுரத்தில் இவ்வளவு பெரிய கடிகாரம், ஆனால் முள் ஒன்றே ஒன்று. நிமிட முள் எப்போதோ உடைந்து விழுந்திருக்கும், சரிசெய்யப் பணம் இல்லாமல் அப்படியே விட்டிருப்பார்கள் என்பது என் கணிப்பு. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். ஒரே முள்ளை வைத்து நேரம் எப்படிப் பார்ப்பது?

5 அக்டோபர், இரவு

எதுவும் உடையவில்லை. அது ஒற்றை முள் கடிகாரமாகவே செய்யப்பட்டது. நான் அந்தப் பக்கம்தான் குடியிருக்கிறேன், காரில் போய்வரும் தூரம். கடிகாரம் 17ஆம் நூற்றாண்டு, கோபுரம் அதைவிடப் பழையது, 15ஆம் நூற்றாண்டு. முகப்பு தனியாகச் செய்து மாட்டியதல்ல, கோபுரச் சுவரிலேயே வரைந்தது. குறுக்களவு பதினாறரை அடி. ஒற்றை முள் கடிகாரங்களில் உலகிலேயே பெரியது இதுதான் என்று ஊர்க்காரர்கள் சொல்வார்கள்.

நேரம் பார்ப்பது சுலபம். அது மணி முள், 12 மணி நேரத்தில் ஒரு சுற்று. இரண்டு எண்களுக்கு நடுவில் நின்றால் அரை. அதில் பாதி தூரம் வந்திருந்தால் கால். நம் வீட்டுக் கடிகாரத்தில் நிமிட முள்ளை மறைத்துவிட்டு மணி முள்ளை மட்டும் பாருங்கள், ஏறக்குறையச் சரியாகச் சொல்லிவிடுவீர்கள்.

இப்போது அளவைக் கணக்கில் எடுங்கள். குறுக்களவு 5 மீட்டர் என்றால் சுற்றளவு கிட்டத்தட்ட 15.7 மீட்டர். ஓர் எண்ணிலிருந்து அடுத்த எண்ணுக்கு 1.3 மீட்டர். கால் மணிக்கு 33 சென்டிமீட்டர், ஐந்து நிமிடத்துக்கு 11 சென்டிமீட்டர். கீழே தெருவில் நின்று அண்ணாந்து பார்ப்பவருக்கு 11 சென்டிமீட்டர் நகர்வு நன்றாகவே தெரியும். முகப்பு அவ்வளவு பெரிதாக இருக்கும்போது நிமிட முள்ளின் வேலையில் பாதியை அந்த அகலமே செய்துவிடுகிறது.

6 அக்டோபர்

“சரி, முதலிலேயே இரண்டு முள் வைத்திருக்கலாமே” என்று ஒருவர் கேட்டிருக்கிறார். வைத்து என்ன செய்ய?

ஊசல் வருவதற்கு முந்தைய கோபுரக் கடிகாரங்களில் ஒரு குறுக்குச் சட்டம்தான் முன்னும் பின்னும் திரும்பிக்கொண்டிருக்கும். அதன் இரு முனைகளிலும் சின்ன எடைகள். அந்தச் சட்டத்துக்குச் சொந்தமாக ஒரு தாளம் கிடையாது. பின்னாலிருந்து தள்ளும் விசை கூடினால் வேகமாக ஆடும், பல்சக்கரத்தில் அழுக்கு சேர்ந்தால் மெதுவாக ஆடும். ஒரு நாளில் கால் மணி நேரம் முன்பின்னாகப் போவது சாதாரணம். அப்படிப்பட்ட இயந்திரத்தில் நிமிட முள்ளை மாட்டினால் அது ஊராருக்குப் பொய்தான் சொல்லும். கால் மணி வரை நம்பலாம் என்றால், கால் மணி வரை காட்டும் முகப்பே நேர்மையானது.

1656இல் ஹாலந்தில் கிறிஸ்டியான் ஹைகன்ஸ் ஊசலைக் கடிகாரத்துக்குள் கொண்டுவந்தார். 1670 வாக்கில் இங்கிலாந்தில் நங்கூர வடிவத் தடுப்பு புழக்கத்துக்கு வந்தது. பல்சக்கரத்தை ஓர் ஆட்டத்துக்கு ஒரு பல்லாக விட்டுப் பிடிக்கும் உறுப்பு அது. அதற்கப்புறம் பிழை வாரத்துக்கு ஓரிரு நிமிடம் என்று சுருங்கியது, நிமிட முள்ளுக்கும் வேலை வந்தது. ஆனால் வயலுக்கும் சந்தைக்கும் ஆராதனைக்கும் போய்வந்த கிராமத்துக்கு அப்போதும் கால் மணி போதுமானதாக இருந்தது. கோனிங்ஸ்பியில் இன்றுவரை யாரும் இரண்டாவது முள்ளைச் சேர்க்காதது எனக்குப் பெரிய நிம்மதி.

பணமில்லாமல் விட்டார்கள் என்ற சந்தேகம் இன்னும் மிச்சமிருந்தால் இன்னொன்றும் சொல்கிறேன். வெஸ்ட்மின்ஸ்டர் அபேயின் மேற்குக் கோபுரக் கடிகாரத்துக்கும் ஒரு முள்தான்.

6 அக்டோபர், பிற்பகல்

படத்தில் கோபுரத்தின் அடியில் ஒரு வளைவு தெரிகிறதே, அது வாசல் இல்லை, பாதை. கோபுரம் அந்தப் பாதையின் மேலேயே நிற்கிறது. ஊர் மக்கள் கடிகாரத்துக்கு அடியில் புகுந்துதான் நடந்து போகிறார்கள். படம் எடுப்பவர்கள் முகப்போடு நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு அந்த வழியும் முகப்பு அளவுக்கே பிடிக்கும்.

8 அக்டோபர்

இல்லை, “உலகின் மிகப் பழைய கடிகாரம்” இது அல்ல. அந்தச் செய்தியைப் பகிர்ந்தவர் தயவுசெய்து திருத்திவிடுங்கள். கோனிங்ஸ்பியின் பெருமை முகப்பின் அளவிலும் ஒற்றை முள்ளிலும் இருக்கிறது, வயதில் இல்லை. வயது என்றால் சால்ஸ்பரி பேராலயக் கடிகாரத்தைச் சொல்ல வேண்டும், 1386. அதற்கும் போட்டிக்கு ஆள் இருக்கிறது, அந்தச் சண்டைக்குள் நான் போகவில்லை.

ஆனால் சால்ஸ்பரியைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டிய ஒன்று உண்டு: அதற்கு முகப்பே கிடையாது. ஒரு முள்கூட இல்லை. மணி அடிப்பது மட்டுமே அதன் வேலை. கோபுரத்தில் கேட்பாரற்றுக் கிடந்ததை 1928இல்தான் கண்டுகொண்டார்கள். ஆக்ஸ்ஃபர்ட்ஷயரில் ஈஸ்ட் ஹென்ட்ரெட் என்ற கிராமத்து செயின்ட் அகஸ்டின் தேவாலயத்திலும் 1525ஆம் ஆண்டுக் கடிகாரம் ஒன்று இருக்கிறது. வான்டேஜ் ஊரைச் சேர்ந்த ஜான் சீமூர் செய்தது, அதற்கும் முகப்பு இல்லை.

ஆக, வரிசை இப்படித்தான்: முதலில் மணி, அப்புறம் ஒரு முள், கடைசியில் இரண்டு முள். கோபுரக் கடிகாரத்தைக் கண்ணுக்கான பொருளாக நினைத்தால் பாதிதான் புரியும். வயலில் குனிந்து நிற்பவன் நிமிர்ந்து பார்க்க மாட்டான், மணியை எண்ணுவான்.

9 அக்டோபர்

கனடாவிலிருந்து எழுதிய அக்கா நல்ல கேள்வி கேட்டிருக்கிறார்: கடிகாரம் கால் மணி பிசகுகிறது என்றே எப்படித் தெரிந்தது? வேறு எதோடு ஒப்பிட்டார்கள்?

வெயிலோடு. இங்கே பழைய தேவாலயங்கள் பலவற்றின் தெற்குச் சுவரில் கைக்கெட்டும் உயரத்தில் ஒரு துளையும் அதிலிருந்து விரியும் கோடுகளும் கீறியிருக்கும். துளையில் ஒரு குச்சியைச் செருகினால் நிழல் கோட்டில் விழும். ஆராதனை நேரத்துக்காகக் கீறி வைத்தது. பிற்பாடு ஒழுங்கான வெயில் கடிகாரங்கள் வந்தன. கோபுரத்துக்குள் இயந்திரம் வந்தபின்னும் அதைத் திருத்தியது வெயில்தான்.

இதில் ஒரு சிக்கல். வெயிலின் நண்பகல் வருடம் முழுக்க ஒரே சீராக வராது. நவம்பர் தொடக்கத்தில் வெயில் கடிகாரம் இயந்திரத்தைவிட 16 நிமிடம் முந்தும், பிப்ரவரி நடுவில் 14 நிமிடம் பிந்தும். பூமி சூரியனைச் சுற்றும் பாதை சரிவட்டம் இல்லை, அச்சும் சாய்ந்திருக்கிறது, அதனால் வரும் வித்தியாசம். திருத்த அட்டவணை கையில் இருந்தவர்கள் சரிசெய்துகொண்டார்கள். இல்லாத ஊரில் வெயில் சொன்னதே நேரம்.

13 அக்டோபர்

இழை நீண்டுகொண்டே போகிறது, என்னைப் பற்றியும் கேட்கிறீர்கள். கோனிங்ஸ்பி கடிகாரத்துக்கும் எனக்கும் பார்க்கிற உறவு மட்டும்தான். நான் சாவி கொடுப்பது வேறொரு சின்னக் கிராமத்துத் தேவாலயத்தில். பெயர் வேண்டாம். விக்டோரியா காலத்துக் கடிகாரம், இரண்டு முள், முழு மணிக்கு மட்டும் அடிக்கும். முறை போட்டு வாரம் ஒருவர் மேலே ஏறுகிறோம்.

சாவி என்றால் கையளவுச் சாவி இல்லை, இரும்புக் கைப்பிடி. உருளையில் கம்பி வடம் சுற்றியிருக்கும், வடத்தின் நுனியில் எடை தொங்கும். வாரம் முழுக்க எடை மெதுவாக இறங்கும், நாம் போய் மறுபடி மேலே ஏற்ற வேண்டும். பழைய கிராமக் கோபுரங்களில் எடையாகக் கருங்கல்லே தொங்கிய காலம் உண்டு, எங்களுடையது வார்ப்பிரும்பு.

எவ்வளவு சக்தி போகிறது என்று பாருங்கள். 100 கிலோ எடை 10 மீட்டர் இறங்க ஒரு வாரம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 9,800 ஜூல். அதை ஒரு வாரத்தின் நொடிகளால் வகுத்தால் 0.016 வாட். ஒரு வாட்டில் ஏறக்குறைய அறுபதில் ஒரு பங்கு. அவ்வளவு சிறிய சக்தி கோபுரத்து உச்சியில் காற்றுக்கும் மழைக்கும் நடுவே முள்ளை நகர்த்துகிறது. இதை நினைத்தால் எனக்கு ஒவ்வொரு முறையும் மனம் நிறைந்துவிடும்.

மணி அடிக்கும் பக்கத்துக்கு எடை அதிகம் வேண்டும். ஒரு நாளைக்கு 156 அடி அடிக்க வேண்டுமே. கை வலிப்பது அந்தப் பக்கத்தைச் சுற்றும்போதுதான்.

14 அக்டோபர்

பாதுகாப்பைப் பற்றிக் கேட்ட தம்பிக்கு: ஆமாம், ஆபத்து உண்டு. சுற்றும்போது, உருளை பின்னால் சுழலாமல் பிடித்திருக்கும் தடுப்புப் பல் நழுவினால் கைப்பிடி திருப்பி அடிக்கும், மணிக்கட்டு உடையும். வடம் அறுந்தால் எடை மரத்தளங்களை உடைத்துக்கொண்டு கீழே வரை போகும். அதனால்தான் எடை இறங்கும் இடத்தின் அடியில் மணல் பெட்டி வைப்பார்கள். எடைக்கு நேர் கீழே நிற்கக் கூடாது. தனியாக ஏறவும் கூடாது, ஏறினாலும் கீழே ஒருவருக்குச் சொல்லிவிட்டு ஏற வேண்டும்.

19 அக்டோபர்

இது கோபத்தில் எழுதுவது.

நான் சேர்வதற்கு முன்னால் எங்கள் கடிகாரத்துக்கு யாரோ பக்தியோடு எண்ணெய் ஊற்றியிருக்கிறார்கள். எல்லா இடத்திலும். பற்களில், உருளையில், சட்டத்தில்கூட. நல்ல எண்ணம்தான், சந்தேகமில்லை. ஆனால் கோபுரத்துக்குள் சுண்ணாம்புத் தூசி பறக்கிறது, புறா எச்சம் காய்ந்து தூளாகிறது. எண்ணெயும் தூசியும் சேர்ந்தால் அது அரைக்கும் பசை. பித்தளைப் பல்லில் அந்தப் பசை ஒட்டிக்கொண்டு வருடக்கணக்கில் அரைத்திருக்கிறது.

கடிகாரப் பற்களுக்கு எண்ணெய் தேவையில்லை. அச்சுகள் சுழலும் குழிகளுக்கு ஒரு சொட்டு, தடுப்பு பல்லைத் தொடும் முகத்துக்குத் துளி, ஊசலைத் தள்ளும் கவையில் துளி. அவ்வளவுதான். சுத்தம் செய்ய வேறு ஆள் வரவேண்டியிருந்தது, செலவும் ஆனது. உங்கள் ஊர்க் கடிகாரத்தின் பக்கத்தில் எண்ணெய்க் குப்பியோடு யாராவது போனால் அன்பாகத் தடுத்துவிடுங்கள்.

20 அக்டோபர்

எண்ணெய் என்றதும் ஜான் ஹாரிசன் நினைவுக்கு வராமல் இருக்குமா? கடலில் தீர்க்கரேகை கண்டுபிடிக்க உதவும் கடிகாரத்தைச் செய்தவர், 1759இல் முடித்தது நான்காவது கருவி. அவர் எங்கள் லிங்கன்ஷயர்க்காரர், ஹம்பர் ஆற்றங்கரையில் பாரோ என்ற கிராமம். தச்சர். 1722 வாக்கில் பிராக்கிள்ஸ்பி மாளிகையின் குதிரை லாயத்துக்கு ஒரு கோபுரக் கடிகாரம் செய்து கொடுத்தார். சக்கரங்கள் ஓக் மரம். சுழலும் இடங்களுக்கு லிக்னம் வைட்டே என்ற மரம், அதற்குள்ளேயே பிசுபிசுப்பு உண்டு. எண்ணெயே வேண்டாம்.

அன்றைய எண்ணெய் கெட்டியாகிக் கடிகாரத்தை நிறுத்திவிடும் என்பதுதான் அவரை உறுத்திய பிரச்சினை. நல்ல எண்ணெயைத் தேடி அலைவதற்குப் பதில் எண்ணெயே கேட்காத கடிகாரத்தைச் செய்துவிட்டார். அது தேவாலயக் கடிகாரம் இல்லை, இந்த இழைக்கு வெளியேதான். இருந்தாலும் கிராமத்துத் தச்சர் ஒருவர் கோபுரக் கடிகாரத்தில் கற்றதை வைத்துக்கொண்டுதான் கடலுக்குப் போனார் என்பதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

27 அக்டோபர்

இன்று இங்கே கோடை நேரம் முடிந்து நேரம் மாறும் நாள், எல்லாக் கடிகாரமும் ஒரு மணி பின்னே. காலையிலேயே மேலே ஏறிவிட்டு வந்தேன்.

பின்னே வைக்க வேண்டும் என்றால் முள்ளைப் பின்னால் திருப்பலாமே என்று தோன்றும். கூடாது. மணி அடிக்கும் பொறியைத் தூண்டும் நெம்பு ஒரு திசைக்கென்று அமைந்தது, பின்னால் திருப்பினால் எதையாவது வளைத்துவிடும். 1916இல் பிரிட்டனில் முதன்முதலாகக் கோடை நேரம் வந்து முடிந்தபோது, மணி அடிக்கும் கடிகாரங்களைப் பின்னால் திருப்பாதீர்கள் என்று பொதுமக்களுக்கு அறிவிப்பே போட்டார்கள்.

நாங்கள் செய்வது ஊசலை ஒரு மணி நேரம் நிறுத்திவைப்பது. இன்னொரு வழி பதினொரு மணி நேரம் முன்னால் ஓட்டுவது, அப்போது ஒவ்வொரு மணிக்கும் நின்று முழுவதும் அடிக்க விட வேண்டும், ஊரே எழுந்துவிடும். அதனால் நிறுத்திவிட்டுக் கீழே வந்து, தேநீர் குடித்து, பேசிக்கொண்டிருந்துவிட்டு மறுபடி ஏறி ஊசலைத் தள்ளிவிடுவோம்.

இந்த விஷயம் பலருக்குத் தெரியாது: பழைய கடிகாரங்களில் மணி அடிக்கும் பகுதிக்கு முள் எங்கே நிற்கிறது என்றே தெரியாது. விளிம்பில் வெட்டுகள் உள்ள ஒரு சக்கரம் இருக்கும். வெட்டுக்கும் வெட்டுக்கும் இடையே தூரம் 1, 2, 3 என்று கூடிக்கொண்டே போகும். போன முறை மூன்று அடித்தால் இந்த முறை நான்கு, அவ்வளவுதான் அதற்குத் தெரியும். ஒருமுறை வரிசை தப்பினால் முள் ஐந்தைக் காட்டும்போது மணி எட்டு அடிக்கும். கையால் தூண்டிவிட்டு, ஒன்பது, பத்து, பதினொன்று என்று வரிசையாக அடிக்கவிட்டு, ஐந்துக்குக் கொண்டுவர வேண்டும். 1676இல் எட்வர்ட் பார்லோ முள்ளோடு இணைந்த வேறு முறையைக் கண்டுபிடித்தார், அதில் இந்தத் தொல்லை கிடையாது. கோபுரங்களில் பழைய முறை அதற்குப் பிறகும் நெடுங்காலம் நீடித்தது.

2 நவம்பர்

இரவு மணிச் சத்தத்தைப் பற்றி இங்கே காரசாரமாகப் பேசிக்கொள்கிறீர்கள். “கிராமத்துக்கு வீடு வாங்கி வருகிறவன் மணியோடு சேர்த்துத்தான் வாங்க வேண்டும்” என்று எழுதியவருக்கு நிறைய ஆதரவு. நான் அந்தப் பக்கம் இல்லை.

1990ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டப்படி யாராவது புகார் கொடுத்தால் உள்ளூர் மன்றம் விசாரித்தே ஆக வேண்டும். அது போகட்டும், சட்டத்தை விடுங்கள். படுக்கையறைச் சன்னலுக்கு நேரே மணி, கைக்குழந்தை வேறு. அந்தத் தாயைப் பார்த்து நானூறு வருடப் பாரம்பரியம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. இரவு 11 முதல் காலை 7 வரை சுத்தியலை மட்டும் இழுத்துப் பிடித்து வைக்கும் சாதனம் இருக்கிறது. இயந்திரம் பாட்டுக்கு ஓடி, எண்ணிக்கை தவறாமல் சுற்றும், மணியில் அடி மட்டும் விழாது. காலையில் சுத்தியலை விட்டால் சரியான எண்ணிக்கையிலிருந்து தொடரும். மணியை ஒரேயடியாக நிறுத்திவிடுவதற்குப் பதில் இப்படி ஒரு வழி இருக்கும்போது ஏன் சண்டை?

இரவில் மணி கேட்டுத்தான் நிம்மதியாகத் தூங்குகிறேன் என்று சொல்லும் பெரியவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு என்ன பதில் என்பது எனக்கு இன்னும் அமையவில்லை.

10 நவம்பர்

தானாகச் சாவி கொடுத்துக்கொள்ளும் மோட்டார் பொருத்தலாமா என்று எங்கள் குழுவில் பேச்சு வந்திருக்கிறது. எனக்குப் பிடிக்கவில்லை. ஏறும் ஆள் இல்லாத கோபுரத்தில் கதவு திறப்பதில்லை. கதவு திறக்காத இடத்தில் புறா கூடு கட்டும், ஓடு பெயர்ந்து மழை இறங்கும், வடம் துருப்பிடிக்கும், யாருக்கும் தெரியாது. வாரம் ஒரு முறை மனிதர் ஏறுவதுதான் அந்தக் கோபுரத்துக்கே காவல்.

17 நவம்பர்

போன வாரம் எழுதியதை மறுபடி படித்தேன். அதில் சொன்ன காவல் விஷயத்தில் மாற்றமில்லை. ஆனால் மோட்டாரைப் பற்றிய எண்ணம் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது.

காரணம், எங்களில் மூத்தவர் ஒருவர் ஏறுவதை நிறுத்திவிட்டார். முழங்கால். இன்னொருவருக்கு முதுகு. புதிதாகச் சேர இளைஞர்கள் வரவில்லை. மோட்டார் வேண்டாம் என்று நான் பிடிவாதம் பிடித்துக் கடைசியில் ஏற ஆளில்லாமல் கடிகாரம் நின்றுவிட்டால் என்ன பயன்?

மூன்று விஷயங்களைப் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது. முதலாவது, எடையை மட்டும் மோட்டார் ஏற்றுவது. பழைய இயந்திரம் அப்படியே ஓடும், ஊசல் ஆடும், மோட்டாரைக் கழற்றினால் மறுபடி கைப்பிடி மாட்டலாம். இதிலும் ஹைகன்ஸ் வருகிறார், அவர் யோசித்த முடிவில்லாச் சங்கிலி முறைதான் பல மோட்டார்களில் பயன்படுகிறது. எடையை ஏற்றும் நேரத்தில்கூடக் கடிகாரத்துக்கு விசை குறையாது. சிறிய எடை போதும் என்பதால் கனமான எடை அறுந்து விழும் பயமும் போகும். இரண்டாவது, ஊசலை மின்காந்தம் வைத்துத் திருத்துவது. கம்ப்ரியாவில் ஆன்தார்னிலிருந்து வரும் வானொலி நேரக் குறிப்பைப் பிடித்து இழுத்தும் விட்டும் சரிசெய்யும். இதுவும் கழற்றக்கூடியதே. மூன்றாவது, பழைய இயந்திரத்தையே எடுத்துவிட்டு முள்ளுக்குப் பின்னால் ஒரு மின்மோட்டாரை வைப்பது. பழைய இயந்திரம் ஒரு மூலையில் கிடக்கும், அப்புறம் பழைய இரும்புக்குப் போகும். இதைத்தான் எதிர்க்க வேண்டும், கடைசி வரை.

முதலாவதற்குத் தலையாட்டலாம் என்று இப்போது நினைக்கிறேன், ஒரு நிபந்தனையோடு: சாவி கொடுக்கத் தேவையில்லை என்றாலும் வாரம் ஒருவர் ஏறிப் பார்த்துக் குறிப்பேட்டில் எழுத வேண்டும்.

18 நவம்பர்

அனுமதி யார் தருவது? இங்கிலாந்து திருச்சபையில் தேவாலயத்துக்குள் இப்படிப்பட்ட மாற்றம் செய்ய மறைமாவட்டத்திடம் முறைப்படி அனுமதி வாங்க வேண்டும், ஃபேக்கல்டி என்பார்கள். ஆலோசனைக் குழுவில் கடிகாரத்துக்கென்றே ஓர் ஆலோசகர் இருப்பார். கோனிங்ஸ்பி போன்ற இடத்தில் யாரும் நினைத்தபடி ஒரு நிமிட முள்ளைக் கொண்டுபோய் மாட்டிவிட முடியாது.

12 ஜனவரி 2025

சென்னைக்காரர் கேட்டது: ஊருக்கு ஊர் கோபுரக் கடிகாரம், ஊருக்கு ஊர் வேறு நேரமா?

ஆமாம். ரயில் வரும்வரை அப்படித்தான். பிரிஸ்டல் லண்டனுக்கு மேற்கே இருப்பதால் அங்கே 10 நிமிடம் பிந்தி நண்பகல் வரும். கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே 1840இல் எல்லா நிலையங்களுக்கும் லண்டன் நேரத்தை வைத்தது. சட்டப்படி நாடு முழுக்க ஒரே நேரம் ஆனது 1880இல். பிரிஸ்டலில் கார்ன் எக்ஸ்சேஞ்ச் என்ற பழைய தானியச் சந்தைக் கட்டடத்தின் கடிகாரத்துக்கு இன்றும் இரண்டு நிமிட முட்கள், ஒன்று லண்டனுக்கு, ஒன்று ஊருக்கு. கோனிங்ஸ்பிக்கு ஒன்றுமே இல்லை, பிரிஸ்டலுக்கு இரண்டு.

கோனிங்ஸ்பி கிரீன்விச் தீர்க்கரேகையிலிருந்து ஒரு பாகையில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்குதான் மேற்கே. வித்தியாசம் சுமார் 40 நொடி. அந்த முகப்பின் விளிம்பில் கணக்கிட்டால் சுமார் 1.5 சென்டிமீட்டர். ரயில் நேரம் வந்ததை அந்தக் கடிகாரத்தைப் பார்த்து ஒருவரும் தெரிந்துகொண்டிருக்க முடியாது.

நம் பக்கமும் இதே கதைதான். மெட்ராஸ் வானாய்வுக்கூடத்தின் நேரத்தைத்தான் இந்திய ரயில்கள் பின்பற்றின. 1906இல் இந்திய நேரம் வந்தபோது சென்னைக் கடிகாரங்கள் சுமார் 9 நிமிடம் முன்னே போயின.

9 பிப்ரவரி

குளிருக்குக் கடிகாரம் முந்துகிறது. இரும்புத் தண்டு சுருங்கி ஊசல் குட்டையாகிறது. ஒரு பாகை செல்சியஸ் குறைந்தால் நாளுக்கு அரை நொடி. 10 பாகை குறைந்தால் 5 நொடி, வாரத்துக்கு 35 நொடி. மரத் தண்டு இவ்வளவு மாறாது, அதனால் பல கிராமக் கடிகாரங்களில் ஊசல் தண்டு மரம்.

திருத்துவதற்கு ஊசலின் மேல் நாணயம் வைப்பது இங்கே பழைய வழக்கம். பிக் பென் இருக்கும் வெஸ்ட்மின்ஸ்டர் பெருங்கடிகாரத்தில் ஒரு பழைய பென்னி வைத்தால் நாளுக்கு 0.4 நொடி வேகம் கூடும். எங்கள் ஊசல் அதைவிட எடை குறைந்தது, ஒரு நாணயத்துக்கே நல்ல மாற்றம் தெரியும். முந்துகிறது என்பதால் இன்று ஒன்றை எடுத்தேன்.

30 மார்ச்

கோடை நேரம் தொடங்குகிறது, ஒரு மணி முன்னே. இது சுலபம், முள்ளை விடுவித்து முன்னால் நகர்த்தி, மணியை அடிக்கவிட்டால் முடிந்தது.

நேற்று ஒருவர் எழுதியிருந்தார்: ஊரில் அவர்கள் சர்ச்சின் கோபுரத்தில் கடிகாரம் பல வருடமாக நின்று கிடக்கிறதாம், பண்டிகைக்குள் ஓட்டிவிட இளைஞர்கள் துடிக்கிறார்களாம். முதலில் அவர்களைக் கைப்பிடியைத் தொடாமல் இருக்கச் சொல்லுங்கள். வடம் துருப்பிடித்திருந்தால் பாதிச் சுற்றில் அறும். எண்ணெய் வேண்டவே வேண்டாம். பகலில் இரண்டு பேராக ஏறுங்கள். எடை எங்கே தொங்குகிறது, அதற்குக் கீழே என்ன இருக்கிறது என்று பாருங்கள். முள்ளோடு இணைக்கும் தண்டு வளைந்திருக்கிறதா, புறாக் கூடு எதையாவது பிடித்துக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். நின்றுபோன கடிகாரங்களில் பாதிக்குமேல் நோய் இயந்திரத்துக்கு வெளியேதான் இருக்கிறது என்பது என் அனுபவம்.

இயந்திரத்திலேயே ஒரு சின்ன முகப்பு இருக்கும், உள்ளே நின்று நேரம் வைப்பதற்காக. அதிலோ இரும்புச் சட்டத்திலோ செய்தவர் பெயரும் ஆண்டும் பொறித்திருப்பார்கள். டெர்பி ஸ்மித், லீட்ஸ் பாட்ஸ், க்ராய்டன் ஜில்லெட் அண்ட் ஜான்ஸ்டன் போன்ற பெயர்கள் இருக்கிறதா பாருங்கள், பிரிட்டிஷ் தயாரிப்பாளர்கள் இந்தியாவுக்கும் அனுப்பியிருக்கிறார்கள். அந்த இடத்தைத் துடைக்காமல் அப்படியே படம் எடுத்து இங்கே போடுங்கள். ஊசல் தண்டு, தடுப்பு, மணிப் பக்கத்துச் சக்கரம், மூன்றும் தனித்தனியாக வேண்டும். பார்த்துவிட்டு எழுதுகிறேன்.